மூடியில் இல்லாத மீன்

எட்டு வருடம் ஓரிடத்தில் உழைத்துவிட்டு வெளியேறும் ஒருவர், ‘இது என்னுடையது’ என்று எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம்? லோர்னா ஹாகனின் கதை காதில் விழுந்த முதல் நாளில் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

காலை எட்டே முக்கால். லோர்னா காப்பிக் கோப்பையோடு சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே நடந்துகொண்டிருக்கிறார். வெளியே மழை. நனைந்த மேல்சட்டையின் பையில் ஹேசல் கொட்டைகள் கலகலக்கின்றன. இரண்டு பக்கமும் நீண்ட மேசைகளில் சிப் வடிவமைக்கிற பொறியாளர்கள் ஆளுக்கொரு லேப்டாப்பைத் திறந்துவைத்து, அதற்குள் முகத்தைப் புதைத்து, ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். லோர்னா யார் முகத்தையும் பார்ப்பதில்லை. திறந்து நிற்கும் லேப்டாப்புகளின் மூடிகளை மட்டும் பார்த்துக்கொண்டே போகிறார். ஒவ்வொரு மூடியிலும் ஸ்டிக்கர்கள். மலையேறிய இடம், குடித்த பியர், பிடித்த பாட்டுக் குழு, பிள்ளையின் பள்ளி, செத்துப்போன நாய். நடை எங்கேயும் நிற்காது. ஆனால் கூடத்தின் மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது, யார் மூடியில் புதிதாக ஒன்று ஏறியிருக்கிறது, யார் மூடியிலிருந்து ஒன்று இறங்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இருபத்திரண்டு வருடங்களாக இதே கட்டடம், சிப் நிறுவனங்கள் நெருங்கி நிற்கும் இந்த மழைப் பள்ளத்தாக்கில். முதல் பத்தொன்பது வருடம் ஐ.டி. ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். லேப்டாப் உடைந்தால், தேநீர் கொட்டினால், கடவுச்சொல் மறந்தால் எல்லாரும் வந்து நிற்கும் ஜன்னல் அது. புதிதாகச் சேருகிறவருக்கு லேப்டாப் கொடுப்பதும், விட்டுப் போகிறவரிடமிருந்து வாங்கிக்கொள்வதும் அங்கேதான். இந்த ஊரில் லேப்டாப் நிறுவனத்துடையது, ஸ்டிக்கர் ஊழியருடையது. ஆனால் ஒட்டிய பிறகு? விதிப்புத்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது: கருவியோடு இணைந்த எதுவும் நிறுவனத்தின் சொத்து. அந்த வரியை எழுதியவருக்கு ஸ்டிக்கர் ஞாபகத்தில் இருந்திருக்காது. ஆனாலும் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தால் ஸ்டிக்கரும் சேர்ந்து போய்விடும் என்பதுதான் நடைமுறை.

அதனால்தான் ஒரு விஷயம் நடக்கிறது. வேலையை விட முடிவு செய்தவர், யாரிடமும் சொல்வதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ முன்பே, தனக்குப் பிரியமான ஸ்டிக்கரை உரித்து எடுத்துக்கொள்கிறார். மனைவிக்குக்கூடச் சொல்லாமல் முடிவை வைத்திருப்பவர்கூட இதைச் செய்துவிடுகிறார். மூடியில் அந்த வடிவத்துக்கு மட்டும் புதுசு போல ஒரு வெள்ளிப் பளபளப்பு மிஞ்சும். சுற்றிலும் மூன்று வருட அழுக்கு. லோர்னா அதை ‘வழுக்கை’ என்பார்.

“மூணாவது மேசையில ஒருத்தருக்கு வழுக்கை விழுந்திருக்கு” என்று அவர் சொன்னால், இரண்டு வாரத்தில் அந்த மேசையில் பிரியாவிடை கேக் வெட்டுவார்கள் என்று அர்த்தம்.

வருடக்கணக்காக இது வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது. கேக் பட்டியலை முன்கூட்டியே சொல்கிறவர் என்று ஜன்னலில் அவருக்குப் பேர். பிறகு ஒரு வருடம், விலகிப்போன ஒருவரோடு ஒரு முழுச் சிப்பின் வரைபடங்களும் விலகிப்போயின. நிறுவனம் பதறி ஒரு பிரிவைத் தொடங்கியது. கதவில் ‘உள் அபாயப் பிரிவு’ என்று பலகை மாட்டினார்கள். ஊழியர்களே தகவலை எடுத்துக்கொண்டு போவதைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. லோர்னாவையும் அதில் போட்டார்கள்.

“வயித்துக் கோளாறு மாதிரி இருக்கு பேரு” என்றார் லோர்னா, பலகையைப் பார்த்து. அன்றிலிருந்து அந்தத் தளத்தில் எல்லாரும் அதை வயிற்றுப் பிரிவு என்றுதான் சொல்கிறார்கள்.

பிரிவின் தலைவர் நோலன் பிக்கெட். முப்பத்து நான்கு வயது. சுறுசுறுப்பு. பேசும்போது இரண்டு கையாலும் காற்றில் கட்டம் போடுவார். அவர் கொண்டுவந்த மென்பொருளுக்கு ‘ஆந்தை’ என்று செல்லப்பெயர். யார், எந்தக் கோப்பை, எவ்வளவு, எங்கே நகல் எடுத்தார் என்று ஓயாமல் பார்த்து, ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும். எண்பதைத் தாண்டினால் கத்தும். மூன்று வருடத்தில் ஆந்தை உருப்படியாகவே வேலை செய்திருக்கிறது, அதை லோர்னாவும் ஒப்புக்கொள்வார். ‘கல்யாண ஆல்பம்’ என்று பேர் வைத்து நாலாயிரம் கோப்புகளைத் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட ஒருவரை ஆந்தைதான் பிடித்தது. அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை என்பதைச் சொன்னது லோர்னா.

திருடன் என்ற சொல்லை லோர்னா பயன்படுத்தமாட்டார். ‘எடுத்துட்டுப் போனவங்க’ என்பார். எடுத்துக்கொண்டு போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தாங்கள் திருடுவதாகவே நினைப்பதில்லை என்பது அவர் அனுபவம். இது நான் எழுதியது, இது நான் வரைந்தது, ராத்திரி பகலாக நான் பட்ட பாடு என்றுதான் நினைக்கிறார்கள். வீட்டைக் காலி செய்யும்போது தான் நட்ட ரோஜாச் செடியைத் தோண்டி எடுத்துப்போகிற வாடகைக்காரரைப் போல. சிலர் அழுதும் இருக்கிறார்கள். லோர்னா மேசை இழுப்பறையில் காகிதக் கைக்குட்டை வைத்திருக்கிறார். அதே இழுப்பறையில் ஒரு பழைய ஹேர் டிரையர், பல்லிடுக்கு நூல் ஒரு சுருள், ரொட்டி சுடும் மெழுகுத்தாள் ஒரு கட்டு. லேப்டாப் பழுதாகி மாற்றும்போது பிரியமான ஸ்டிக்கரைப் புது மூடிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களுக்காக வாங்கியவை. வெந்நீர்ச் சூடு வரும்வரை காற்றைக் காட்டி, நூலை அடியில் கொடுத்து மெல்ல அறுத்தபடி வந்தால் பசைகூட மிச்சமில்லாமல் பெயர்ந்துவரும். கட்டடத்தில் இந்த வேலையை அவரைப் போலச் செய்ய ஆளில்லை. கேட்டவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறார்.

வழுக்கையை வைத்து ஒருமுறை தப்பும் செய்திருக்கிறார். பிரிவில் சேர்ந்த புதிதில், ஒரு மனிதரின் மூடி ஒரே நாளில் வெறுமையானதைப் பார்த்து நோலனிடம் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் அந்த மனிதரை ஆந்தை துருவியது. கடைசியில் பார்த்தால் அவர் மனைவி நடத்தும் ரொட்டிக்கடையின் ஸ்டிக்கர் அது. மனைவி விட்டுப்போய்விட்டார். லோர்னா அந்த மனிதரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து வழுக்கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்வார்: “இது சாட்சி இல்ல கண்ணு. தேட வேண்டிய இடம், அவ்வளவுதான்.”

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆந்தை கத்தியது. தொண்ணூற்று நாலு மதிப்பெண். பேர்: வின் டோன்.

அந்தப் பேரைத் திரையில் பார்த்ததும் லோர்னா கொட்டை உடைப்பதை நிறுத்தினார். வின் டோன் பதினோரு வருடமாக இந்த நிறுவனத்தில் இருப்பவர், இப்போது சிப்பின் மின்சாரச் செலவைக் குறைக்கும் குழுவில். அதிகம் பேசமாட்டார். மதியத்துக்கு வீட்டிலிருந்து சூப்பைக் குடுவையில் கொண்டுவந்து, ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, மூடியைத் திருகி முதல் ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டுதான் சாப்பிடுவார். அப்படிப்பட்டவர் முந்தைய வாரம் மூன்று நாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், பதினாலாயிரம் கோப்புகளை ஒரு கையடக்க டிஸ்க்கில் நகல் எடுத்திருந்தார். அந்தக் குழு எட்டு வருடமாகச் செய்த வேலை முழுவதும் அதில் இருந்தது. இதே பள்ளத்தாக்கில், கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், அதை வாங்கிக்கொள்ள ஆசைப்படும் நிறுவனங்கள் மூன்று உண்டு.

ஆந்தை கத்தினால் முதலில் அந்த ஊழியரின் மேலாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. நோலன் சொன்னார். மேலாளர் பேர் கர்ட்டிஸ் வெக்ஸ்லர். உயரமானவர், தாழ்ந்த குரலில் பேசுகிறவர். அவர் நீண்ட பெருமூச்சு விட்டார். தனக்கு எதுவும் தெரியாது என்றார். இப்படிச் செய்வான் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார். அன்றைக்கே வின்னை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

வெளியே அனுப்புவது என்றால் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பாதுகாவலர் ஒருவர் மேசைக்கு வந்து நிற்பார். அடையாள அட்டையைக் கழற்றி வாங்குவார். வாசல்வரை கூடவே நடப்பார். அட்டையோடு குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும் கழன்றுவிடும். வின்னின் மனைவியின் நகப்பூச்சுக் கடை கோடையில் மூடிவிட்டதால், நாலு பேருக்கும் அந்த அட்டைதான் மருத்துவர் வீட்டுக் கதவு. அதைவிடப் பெரியது பேர். கோப்பு எடுத்ததற்காக நடத்திச் செல்லப்பட்டவர் என்று ஒருமுறை ஆகிவிட்டால், இந்தப் பள்ளத்தாக்கில் அவருக்கு வேறு எந்தச் சிப் நிறுவனமும் கதவைத் திறக்காது.

புதன்கிழமை காலை நோலனும் லோர்னாவும் வின்னை அழைத்துப் பேசினார்கள். வின் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கோப்புகளை எடுத்தது உண்மைதான் என்றார். பழைய சர்வரை மாற்றப்போகிறார்கள், எல்லாவற்றையும் டிஸ்க்கில் போட்டுக் கொடு என்று கர்ட்டிஸ் சொன்னார், போட்டுக் கொடுத்தேன் என்றார். மெயில் இருக்கிறதா என்று நோலன் கேட்டார். இல்லை. காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வாயால் சொன்னது. டிஸ்க் எங்கே? கர்ட்டிஸிடம். யாராவது பார்த்தார்களா? இல்லை.

நோலனின் கைகள் காற்றில் கட்டம் போடவில்லை. அது நல்லதற்கில்லை என்று லோர்னாவுக்குத் தெரியும். விசாரணை முடியும்வரை லேப்டாப் எங்களிடம் இருக்கட்டும் என்று நோலன் கை நீட்டினார். வின் கொடுத்தார். கொடுத்த பிறகு ஒரு நொடி யோசித்து லோர்னாவிடம் சொன்னார்:

“மேல ஒரு தவளை இருக்கு பாருங்க, அது என் பொண்ணு வரைஞ்சது. ரோபோ கிளப்புக்கு. மொத்தமே அஞ்சுதான் அடிச்சாங்க. கீறல் விழாம பாத்துக்குங்க, திருப்பி வாங்கிக்கிறேன்.”

கையில் திருகுச்சாவி பிடித்த பச்சைத் தவளை. ஒரு ஓரத்தில் இன்னும் காற்றுக் குமிழ் இருந்தது. ஒட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

வின் போன பிறகு லோர்னா அந்தக் குமிழை விரலால் தொட்டுப் பார்த்தார். விட்டுப்போக நினைக்கிறவர் மூடியிலிருந்து எடுப்பார். பெற்ற மகள் வரைந்த தவளையை, ஐந்தே ஐந்தில் ஒன்றை, திருப்பிக் கொடுக்கப்போகும் மூடியில் கொண்டுவந்து ஒட்டமாட்டார்.

“இவரு எங்கயும் போகல கண்ணு” என்றார்.

“தவளைய வெச்சு நான் எச்.ஆர்.கிட்ட என்ன சொல்றது, லோர்னா?” என்றார் நோலன். குரலில் கேலி இல்லை, கவலைதான் இருந்தது. “பதினாலாயிரம் கோப்பு எடுத்திருக்காரு. எடுத்தேன்னு அவரே சொல்றாரு.”

 நோலன் சொன்னதில் தப்பும் இல்லை.

அன்று மதியம் கூட்டம். கண்ணாடி அறை, நீள்சதுர மேசை. ஒரு பக்கம் நோலன், லோர்னா, எச்.ஆர். அதிகாரி. எதிரே வெக்ஸ்லர். வின்னின் வாக்குமூலத்தை நோலன் படித்தார். வெக்ஸ்லர் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு தன் லேப்டாப்பைத் திறந்து, குழுவின் வேலைப் பட்டியலைப் பார்த்து, சர்வர் மாற்றம் என்று ஒன்று இந்த வருடத் திட்டத்திலேயே இல்லை என்றார். வின்னின் மீது தனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான் என்றார். பயத்தில் மேலாளர்மேல் பழியைப் போடுகிறான், மனித இயல்பு என்றார். சொல்வதெல்லாம் அழகாக இருந்தது. எச்.ஆர். அதிகாரி எழுதிக்கொண்டார்.

லோர்னா அதில் பாதியைத்தான் கேட்டார். அவருக்கு நேர் எதிரே, கைநீளத் தூரத்தில், சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒருநாளும் வராத வெக்ஸ்லரின் லேப்டாப் மூடி நின்றது. ஆறு ஸ்டிக்கர்கள். ஒரு பியர், ஒரு பனிச்சறுக்கு மலை, நிறுவனம் ஓசியில் கொடுத்த நாலு. நடுவில் ஒரு மீன் அளவுக்கு வெள்ளிப் பளபளப்பு. வால், துடுப்பு, திறந்த வாய் எல்லாம் கத்தரித்து வைத்ததுபோலத் துல்லியமான ஒரு வழுக்கை.

அந்த மீனை லோர்னாவுக்குத் தெரியும். மூன்று வருடம் முன்பு வெக்ஸ்லரின் பழைய லேப்டாப் செத்துப்போனபோது, அந்த உயரமான மனிதர் ஜன்னலில் பிள்ளையைப் போலக் குனிந்து நின்றார். தகவல் போனால் போகட்டும், அந்த மீனை மட்டும் காப்பாற்றிக் கொடுங்கள் என்றார். டெஷூட்ஸ் ஆற்றங்கரையில் ஒரு மீன்பிடி விடுதி. அப்பாவோடு கடைசியாகப் போன இடம். அடுத்த கோடையில் காட்டுத்தீயில் விடுதி எரிந்துபோயிற்று, அப்பாவும் போய்விட்டார். வேறு ஸ்டிக்கர் கிடைக்காது. லோர்னா நாற்பது நிமிடம் ஹேர் டிரையரைப் பிடித்து, நூலால் அறுத்து, துடுப்புகூடக் கிழியாமல் புது மூடிக்கு மாற்றிக் கொடுத்தார். எப்படிச் செய்கிறார் என்று வெக்ஸ்லர் பக்கத்திலேயே நின்று கவனித்தார்.

“கர்ட்டிஸ்” என்றார் லோர்னா. அதுவரை அவர் வாய் திறக்காததால் மூன்று பேரும் திரும்பினார்கள். “உங்க மீன் எங்க?”

வெக்ஸ்லருக்கு முதலில் புரியவில்லை. பிறகு மூடியை எட்டிப் பார்த்தார்.

“ஓ, அதுவா. பழசாயிடுச்சு இல்ல. தானா விழுந்துடுச்சு.”

“தானா விழுந்தா பசை நிக்கும்” என்றார் லோர்னா. அவர் குரல் ஜன்னலில் பேசுகிற அதே குரல்தான், ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. “அழுக்கு ஒட்டிக் கறுப்பாயிருக்கும். இது சூடு காட்டி, நூல் விட்டு எடுத்தது. ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க. என்னைவிட நல்லா.”

 வெக்ஸ்லர் சிரித்தார். ஒரு ஊழியரின் திருட்டைப் பற்றிப் பேசும்போது ஸ்டிக்கரைப் பற்றி எதற்குப் பேச்சு என்று எச்.ஆர். அதிகாரியைப் பார்த்துக் கேட்டார். அதிகாரிக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் வெக்ஸ்லரின் கை அதற்குள் லேப்டாப்பை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. அதை நோலன் பார்த்தார்.

வெக்ஸ்லர் போன பிறகு நோலன் கதவைச் சாத்தினார். இப்போது அவர் கைகளில் கட்டங்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு எண் உண்டு. எந்த லேப்டாப்பில் செருகினாலும் அந்த லேப்டாப் அந்த எண்ணை மைய சர்வருக்கு அனுப்பிவிடும். யாரும் கேட்காதவரை அது அங்கே சும்மா கிடக்கும். வின் பயன்படுத்திய டிஸ்க்கின் எண் கையில் இருக்கிறது. அதே எண் வெக்ஸ்லரின் லேப்டாப்பில் விழுந்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் ஆந்தை வெக்ஸ்லருக்குப் போட்டிருந்த மதிப்பெண் நூற்றுக்கு மூன்று. அவர் எதையும் நகல் எடுக்கவில்லையே.

“ஆந்தை வெளிய போறதத்தான் எண்ணும்” என்றார் நோலன் மெதுவாக. “வேற ஒருத்தர வெச்சு எடுத்து, டிஸ்க்க கையில வாங்கிக்கிட்டா அதுக்குத் தெரியாது. நான்தான் அப்படி வெச்சேன்.”

“அதுக்கென்ன, கேட்டுப் பாரு” என்றார் லோர்னா.

மேலாளரின் கணினிப் பதிவைத் திறக்க எச்.ஆர். அனுமதி வேண்டும். அதிகாரி தயங்கினார். ஒரு மீன் ஸ்டிக்கரைக் காரணமாக எப்படி எழுதுவது என்று கேட்டார். மீனை எழுத வேண்டாம், டிஸ்க் தன்னிடமில்லை, மேலாளரிடம் இருக்கிறது என்று ஊழியர் சொன்னதைச் சரிபார்க்கிறோம் என்று எழுதுங்கள், அது உண்மைதானே என்றார் லோர்னா. இருபத்திரண்டு வருடத்தில் படிவம் நிரப்புவதில் அவரை வெல்ல அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. வியாழன் மதியம்வரை நேரம் கிடைத்தது. அதற்குள் ஒன்றும் வராவிட்டால் வெள்ளி காலை வின் நடத்திச் செல்லப்படுவார்.

அன்று சாயங்காலம் லோர்னா வழக்கம்போல ரயிலில் வீட்டுக்குப் போனார். ரொட்டிக்கடைக்காரியின் கணவன் முகம் பாதி வழி கூடவே வந்தது. இந்த முறையும் தப்பாகிவிட்டால் வெக்ஸ்லரிடமும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தப்பாகவில்லை. வியாழன் பதினோரு மணிக்கு நோலன் ஒரு தாளோடு வந்தார். வின்னின் டிஸ்க், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு, வெக்ஸ்லரின் லேப்டாப்பில் செருகப்பட்டிருந்தது. நாற்பத்தாறு நிமிடம். கோப்புகள் எல்லாம் சரியாக வந்திருக்கின்றனவா என்று அங்கங்கே திறந்து பார்த்திருக்கிறார். பொறுப்பான மேலாளர்.

இந்த முறை வெக்ஸ்லர் அதிகம் பேசவில்லை. டிஸ்க் காரில் இருந்தது, முன் இருக்கைக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டியில். ஜனவரியில் வேறொரு நிறுவனத்தில் சேர ஒப்புக்கொண்டிருந்தார். டிஸ்க்கை மேசையில் வைத்தபோது மட்டும் அவருக்குக் குரல் உயர்ந்தது.

“எட்டு வருஷம். இந்த டீமை நான் உருவாக்கினேன், லோர்னா. அதுல இருக்குற ஒவ்வொரு கோடும் என்கிட்ட வந்து போனது. இது என்னோட வேலை. இதுல என்னோடதுன்னு எதுவுமே இல்லையா?”

லோர்னா டிஸ்க்கை உறையில் போட்டு, உறையின் மேல் எண்ணை எழுதினார். அந்தக் கேள்விக்கு அப்போது பதில் சொல்லவில்லை. வின்னைப் பற்றி மட்டும் ஒன்று சொன்னார்:

“அவரையும் சேத்துல்ல பலி குடுக்கப் பாத்தீங்க. அவரு உங்களோடது இல்ல.”

பாதுகாவலர் வந்தார். வெக்ஸ்லர் அடையாள அட்டையைத் தானே கழற்றிக் கொடுத்தார். மழையில் குடையில்லாமல் கார் நிறுத்துமிடத்தைக் கடந்து போனார். இந்த ஊரில் யாரும் குடை பிடிப்பதில்லை என்பதால் அது அவமானம்போல் தெரியவில்லை.

வின் லேப்டாப்பை வாங்கிக்கொள்ள வந்தார். முதலில் திருப்பிப் பார்த்தது தவளையைத்தான். ஓரத்துக் குமிழ் காணாமல்போய் வழவழவென்று ஒட்டியிருந்தது. லோர்னாவின் கட்டைவிரல் வேலை. வின் நன்றி சொல்ல வாயெடுத்தார். லோர்னா விடவில்லை.

“நன்றியெல்லாம் இருக்கட்டும். இனிமே காப்பி மிஷின் பக்கத்துல நின்னு யாரு என்ன சொன்னாலும், சீட்டுக்குப் போய் ஒரு வரி மெயில் போடணும். ‘நீங்க இப்படிச் சொன்னீங்க, நான் இப்படிச் செய்யிறேன்’னு. பிரசிடென்ட்டே வந்து சொன்னாலும் போடணும். தெரியுதா?”

வின் தலையாட்டினார். வெளியே போய் இரண்டு நிமிடத்தில் லோர்னாவுக்கு ஒரு மெயில் வந்தது. ‘யார் சொன்னாலும் மெயில் போட வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். அப்படியே செய்கிறேன்.’ லோர்னா அதைச் சத்தமாகப் படித்தார். பிரிவு முழுக்கச் சிரித்தது. பிரிவு என்றால் மூன்று பேர்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கேமராவை வைத்து, ஆந்தைக்கு மூடிகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று நோலன் உற்சாகமாக ஆரம்பித்தார். லோர்னா ஒரு கொட்டையை உடைத்து அவர் கையில் வைத்தார்.

“மெஷினு பாக்குதுன்னு தெரிஞ்சா மறுநாளே எவனும் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டான். நான் பாக்குறேன்னு தெரிஞ்சா? உரிக்காம இருக்க முடியாது அவங்களால. எல்லாத்தையும் இங்க விட்டுட்டுப் போவாங்க, அத மட்டும் விட மாட்டாங்க.”

வெள்ளிக்கிழமை வெக்ஸ்லரின் மேசையைக் காலி செய்யும் வேலை லோர்னாவுக்கு வந்தது. வெளியேறியவரின் சொந்தப் பொருள்களைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நிறுவனத்தின் பொருள்கள் இங்கேயே இருக்க வேண்டும். எச்.ஆர். கொடுத்த பட்டியல் ஒரு கையில். நோலன் பக்கத்தில் நின்று டிக் அடித்தார். காப்பிக் கோப்பை, பெட்டிக்கு. குடும்பப் படம், பெட்டிக்கு. குறிப்பேடு மூன்று, நிறுவனத்துக்கு. கண்ணாடியால் செய்த விருதுக் கேடயம் ஒன்று, அதில் வெக்ஸ்லரின் பேர் பொறித்திருந்ததால் பெட்டிக்கு.

கீழ் இழுப்பறையில் ஒரு தடித்த புத்தகம். அதன் நடுவே மெழுகுத்தாள் இரண்டு. தாள்களுக்கு நடுவே மீன். வால், துடுப்பு, திறந்த வாய் எதுவும் கிழியவில்லை.

நோலன் பட்டியலைப் பார்த்தார். கருவியோடு இணைந்த எதுவும் நிறுவனத்தின் சொத்து என்ற வரி அதில் இருந்தது. அந்த மனிதர் வின்னுக்குச் செய்ய இருந்ததை நினைத்தால் அந்த வரியை அப்படியே கடைப்பிடிக்கலாம் என்றுதான் நோலனுக்குத் தோன்றியது. வாய்விட்டும் சொன்னார்.

லோர்னா காதில் வாங்காதவர்போலப் போய், தன் இழுப்பறையிலிருந்து புதிதாக ஒரு மெழுகுத்தாளும் இரண்டு கெட்டி அட்டையும் எடுத்துவந்தார். மீனைப் புதுத் தாளில் வைத்து மூடினார். இரண்டு அட்டைக்கு நடுவே கிடத்தி நாலு பக்கமும் ஒட்டினார். அதைப் பெட்டியின் அடியில் தட்டையாக வைத்து, மேலே காப்பிக் கோப்பை அழுத்தாதபடி நகர்த்திவைத்தார். பிறகு தடித்த பேனாவை எடுத்து, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதினார்: மடக்காதீர்கள். அவருடைய சொந்தப் பொருள்.

ராஜினாமாக் கடிதத்தை எழுதிவைத்துக்கொண்டு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் ஒரு காலி டிஸ்க்கைத் தேடத் தொடங்குவதற்கு முன், இந்தக் கதையை அவரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.